கிழக்கு கேலரித் தூண்கள்

மார்ச் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் நலம், முழங்கால்தான் என் பேச்சைக் கேட்பதில்லை. இன்ஜினியரம்மாவுக்கு நாலு வரி எழுதக் கூடவா நேரமில்லை?

நம் கால்பந்து மைதானத்துக்கு அறுபத்தெட்டு வயதாகிறது. முதல் ஆட்டத்தன்று மழையில் பந்து மிதந்ததாம், அப்பா சொல்வார். இப்போது இடித்துவிட்டு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் கட்டப் பார்க்கிறார்கள். எல்லாம் கேலரியின் உறுதி பற்றி நீ தரும் அறிக்கையைப் பொறுத்தது என்கிறார் கிளப் செயலாளர். மாதக் கடைசியில் இறுதி ஆட்டம் வேறு. கிழக்கு கேலரிக்கு அடியில்தான் மைதானக் காவல்காரனான என் குடித்தனம் என்பதையும் மறந்துவிடாதே.

உன் அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

கவலையை விடு. ஆறு வருஷத்துக்கு முன் தூண்களின் விரிசல் மேல் நான் ஒட்டிய பதினான்கு கண்ணாடித் துண்டுகளில் ஒன்றுகூட உடையவில்லை. என் உதவியாளர் நேரில் பார்த்தார். பழுதுபார்த்தால் கேலரி இன்னும் முப்பது வருஷம் தாங்கும் என்று எழுதிவிட்டேன். முதலில் முழங்காலை டாக்டரிடம் காட்டு.

உன் தங்கச்சி

மார்ச் 13

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைச் செயலாளருக்கு வாசித்துக் காட்டினேன். "உன் தங்கச்சி என் வயித்துல பால வார்த்துட்டா" என்றார்.

உன் அண்ணனைச் சாதாரணமாக நினைக்காதே. "இதப் பத்திரமா பாத்துக்கோண்ணா" என்று கண்ணாடி ஒட்டிய அன்றைக்குச் சொன்னாய் அல்லவா? ஒன்று உடைந்தால் அன்றே புதிதாக வெட்டி, சிமெண்ட் வைத்து ஒட்டி, அதன் மேல் நீ எழுதியிருந்த தேதியையும் அப்படியே எழுதிவிடுவேன். போன வருஷம் மட்டும் முப்பத்தொன்று. உன் உதவியாளருக்கே வித்தியாசம் தெரியவில்லை பார்த்தாயா?

உன் அண்ணன்

மார்ச் 16

அண்ணா,

அந்தக் கண்ணாடிகள் உடைவதற்காகவே ஒட்டியவை. உடைந்தால் விரிசல் வளர்கிறது என்று அர்த்தம். அதை உன்னிடம் சொல்லாதது என் தப்பு. படிக்காதவனுக்கு எதற்கு விளக்கம் என்று நினைத்துவிட்டேன்.

அறிக்கையைத் திரும்ப வாங்கிவிட்டேன். கேலரியை மூட உத்தரவு போட்டாயிற்று. ஆட்டம் இல்லை. இனி மைதானத்தை இடிப்பார்கள். காரணத்தை எழுதாமல் விட முடியவில்லை, உன் வேலையும் போகும். மேலே நாலாயிரம் பேர் உட்கார்ந்திருப்பார்கள், அண்ணா. அடியில் நீ இருப்பாய்.

என் வீட்டுக்கு வந்துவிடு. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. அங்கே வந்து எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

உன் தங்கச்சி

ஏப்ரல் 2

மதிப்பிற்குரிய பொறியாளர் அவர்களுக்கு,

சாவிகள் இருபத்திரண்டையும் செயலாளரிடம் ஒப்படைத்துவிட்டேன். புல்லுக்குத் தண்ணீர் விடுவதும் நின்றுவிட்டது.

தாங்கள் செய்தது சரி. நாலாயிரம் பேர் பிழைத்தார்கள், அதை நான் மறுக்கவில்லை. படிக்காதவன் என்று எழுதியதும் சரிதான். ஆனால் ஆறு வருஷம் அதைச் செய்தது மைதானத்துக்காக இல்லை. என் தங்கச்சி கேட்டுக்கொண்டாள் என்பதற்காகச் செய்தேன்.

தங்கள் உத்தரவின் மூன்றாம் பத்திப்படி, கேலரிக்கு அடியில் இனி யாரும் குடியிருக்கக் கூடாது. ஆகவே இந்த முகவரிக்குக் கடிதம் போட வேண்டாம். வேறு முகவரி தருவதாக இல்லை.

இப்படிக்கு,
முன்னாள் மைதானக் காவலர்