தண்ணீர் கேட்காத புல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே உன் அத்தையின் உள்ளங்கால்களைத் தவிர எல்லோரும் சௌக்கியம். அங்கே நீ சௌக்கியமா என்று கேட்பது முறை, கேட்டாகிவிட்டது, இனி திட்டலாம். போனில் திட்டினால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய், கடிதத்துக்கு அந்த வசதி கிடையாது. அதற்காகவே தாள் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன், நீயும் உட்கார்ந்து படி.

செயற்கைப் புல் விரிக்கும் கம்பெனியில் உனக்கு வேலை கிடைத்தபோது தெரு முழுக்க இனிப்பு கொடுத்தவள் நான். அந்த இனிப்பெல்லாம் இப்போது எனக்கே கசக்கிறது. உன் பேச்சைக் கேட்டுப் பக்கத்து வீட்டு வாசலில் உன் அத்தை அந்தப் பிளாஸ்டிக் சமாசாரத்தை விரித்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. காலையில் நான் குழாயும் கையுமாக என் புல்லுக்குத் தண்ணீர் காட்டினால், நாத்தனார் என்கிற உரிமையோடு சுவரோரம் நாற்காலி போட்டுக்கொண்டு, என் புல்லு தண்ணி கேக்காது, வெட்டச் சொல்லாது, சில பேர மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சுக்காது என்பாள். அத்தோடு விட்டாளா, தெருமுனை மைதானத்திலும் அதையே விரிக்க வேண்டும் என்று நலச்சங்கத்தில் கிளப்பிவிட்டாள். வருகிற ஞாயிறு ஓட்டெடுப்பு. அந்தக் காலத்துப் புல்லுன்னு நெனச்சுக்காதீங்க, அது கால்மிதி மாதிரி, விழுந்தா தோல் உரிஞ்சிடும், இப்ப வர்றது பட்டு மாதிரி, அடியில மணலும் ரப்பர் தூளும் போடறாங்க, மழை விட்ட கையோட பந்து ஒதைக்கலாம் என்று, நீ சொன்னதையே நீ சொன்ன வரிசையில் வீடு வீடாகப் போய் ஒப்பித்தாள். மழைக்காலம் முழுக்க மைதானம் சேறாகி, பெண் பிள்ளைகளின் கால்பந்து அணி வீட்டில் குந்தியிருப்பது உண்மைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மற்ற மாதங்களில் இந்தத் தெருப் பிள்ளைகள் உச்சி வெயிலில் வெறுங்காலோடுதான் ஓடுகின்றன, நீ ஓடினாயே, அதுபோல. பிளாஸ்டிக் வெயிலில் எப்படிச் சுடும் என்று நம் வீட்டு வாளியைக் கேட்டால் சொல்லும். அதனால் எதிர்க்கட்சித் தலைவியாக நானே என்னை நியமித்துக்கொண்டேன்.

என் கட்சிக்கு ஒரே ஆதாரம் என் வாசல் புல். அதிலும் கேட் ஓரத்தில், உன் அப்பா ஸ்கூட்டர் நிறுத்தி நிறுத்தி, அவர் தலையைப் போலவே ஒரு சொட்டை விழுந்திருந்தது. நம் கண்ணாடிக் கடை வேலையாக நான் ஒரு வாரம் வெளியூர் போய்த் திரும்பினால் அந்த இடம் தளதளவென்று நிற்கிறது. கேட்டால், நாந்தாம்மா தண்ணி ஊத்தினேன், நீ ஊத்தினா வராது, அதுக்குக் கைராசி வேணும் என்றார். நானும் நம்பினேன். காலையும் மாலையும் அந்த மூலைக்கு மட்டும் கூடுதல் தண்ணீர். நடுவில் தெரிந்த பழுப்புப் புல் தாள்களைப் பார்த்து, ஐயோ காய்கிறதே என்று பேசிக்கொண்டே ஈரப்படுத்தினேன். கடைக்கு மூக்குக்கண்ணாடி மாற்ற வருகிறவர்களிடமெல்லாம் என் புல்லின் பெருமைதான். உன் அத்தையைச் சுவரோரம் கூப்பிட்டு, பாருங்கண்ணி, உயிருள்ளது உயிருள்ளதுதான் என்று தினமும் சொன்னேன். அவளும் முகத்தில் ஒரு தசை அசையாமல், ஆமாம்மா, நல்லாத்தான் இருக்கு என்பாள்.

போன விடுமுறை நாளில் சங்கத்துக்காரர்கள் இரண்டு வாசலையும் பார்த்து ஒப்பிட வந்தார்கள், வெயில் மண்டையைப் பிளக்கும் நேரம். தலைவர் நம் பல் டாக்டர், உனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினாரே, அவர்தான். நேரே, அப்போதுதான் தண்ணீர் விட்டிருந்த அந்தச் சொட்டை மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்து வைக்காத குறையாக, தொட்டுப் பாருங்க டாக்டர், இந்தக் குளுமை எந்தப் பிளாஸ்டிக்குக்கு வரும் என்றேன். தொட்டார். ஒரு தாளைப் பிடித்து லேசாக இழுத்தார். வரவில்லை. தொழில் புத்தி, விடுவாரா, ஆட்டி ஆட்டி இழுத்தார். பல் செட்டு கழன்று வருகிற மாதிரி மொத்தமும் கையோடு வந்துவிட்டது, கீழே சொட்டை பழையபடி பல்லிளிக்கிறது. மனுஷர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது கட்டின பல்லும்மா என்றார். ஊருக்கே பார்வை சரி பார்த்துக் கண்ணாடி மாட்டிவிடுகிற எனக்கு வாசலில் கிடந்தது தெரியவில்லை, இனி எந்த முகத்தோடு நான் அந்தக் கடையில் எழுத்துப் பலகையைக் காட்டி இது என்ன எழுத்து என்று கேட்பேன், சொல்.

ஸ்கூட்டருக்குப் பின்னால் பதுங்கிய உன் அப்பாவைப் பிடித்து உலுக்கியதில் எல்லாம் கொட்டிவிட்டார். துண்டு அவர் அக்கா வீட்டில் மிச்சமானது. யோசனை உன்னுடையது. அத்தை போட்டது பழுப்பு இழை கலந்த புது ரகம்ப்பா, நிஜம் மாதிரியே இருக்கும், அம்மா கண்டுபிடிக்கவே மாட்டா, ஓரத்துல ஆணி மட்டும் அடிச்சிடு என்றாயாமே. ஆணி அடிக்கிற அளவுக்கு உன் அப்பாவுக்குச் சுறுசுறுப்பு இருந்தால் நம் வீட்டுக் கொடிக்கம்பி ஏன் இத்தனை வருஷமாகத் தொங்குகிறது. பெற்றவளுக்குப் பிளாஸ்டிக் வைத்த பெண் நீ ஒருத்திதான்.

உன் அத்தை சிரித்த சிரிப்பில் எனக்கு ஆங்காரம் வந்துவிட்டது. சரிங்கண்ணி, செருப்பக் கழட்டிட்டு உங்க பட்டுப் புல்லு நடுவுல கொஞ்சம் நில்லுங்களேன், எல்லாரும் பார்க்கட்டும் என்றேன். வீம்புக்காரியாயிற்றே, கழற்றி ஓரத்தில் வைத்துவிட்டு நடுவில் போய் ராணி மாதிரி நின்றாள். சூடு இல்லையா என்று டாக்டர் கேட்டார். குளுகுளுன்னு இருக்கு டாக்டர் என்றாள், நெற்றியில் வேர்வை ஓடுகிறது, உதட்டில் சிரிப்பு ஒட்டவைத்தது போல இருக்கிறது. அவர்களும் மைதானத்தில் வடிகால் எந்தப் பக்கம், விளக்கு எந்தப் பக்கம் என்று அங்கேயே நின்று ஆற அமரப் பேசினார்கள். அப்புறம், இவங்களே நிக்கறாங்க, பிள்ளைங்களுக்கு என்ன என்று சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். எனக்கு உயிரே போய்விட்டது.

அவர்கள் தெருமுனை திரும்பியதும், சிரிப்பும் மாறாமல் காலும் மாறாமல், ஏம்மா, அந்தக் குழாயக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பேன் என்றாள். எதுக்கண்ணி, உங்க புல்லுதான் தண்ணி கேக்காதே என்றேன். புல்லு கேக்கலம்மா, நான் கேக்கறேன் என்றாள். குழாயில் ஒரு முடிச்சு விழுந்திருந்தது, அதை நிதானமாக அவிழ்த்துவிட்டுத்தான் திருப்பினேன், பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பிளாஸ்டிக் குடித்த தண்ணீரில் என் நிஜப் புல் ஒரு வாரம் பிழைத்திருக்கும்.

இப்போது இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். களிம்பு போட்டுவிடுவது நான்தான். யார்கிட்டயும் சொல்லிடாத என்று கையைப் பிடித்துக் கேட்டாள், சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், காப்பாற்றுவேன். ஓட்டெடுப்பு சங்கக் கட்டடத்து மாடியில், கைப்பிடி இல்லாத அந்தப் படிகளில் ஏறித்தான் போக வேண்டும். டாக்டர், பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லோரும் மேலே உட்கார்ந்திருப்பார்கள். உன் அத்தை நடந்து வரட்டும். நான் வாயே திறக்கப் போவதில்லை.

நீ வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் நின்று வேலை பார்க்கும்போது நல்ல கெட்டிச் செருப்பாகப் போடு, காரணம் உனக்கே தெரியும். அப்பாவிடம் வானிலை பற்றி மட்டும் பேசு. அத்தையைக் கூப்பிட்டு விசாரி, கால் பற்றி நான் எழுதியதாக மட்டும் காட்டிக்கொள்ளாதே. டாக்டர் பிடுங்கிய துண்டைப் பின்வாசலில் கால் துடைக்கப் போட்டிருக்கிறேன், அதற்கு மட்டும் அருமையாக இருக்கிறது என்று உன் கம்பெனியில் சொல். நீ நூறு வருஷம் நன்றாக இரு, நீ விரிக்கிறதெல்லாம் நிழலில் விரியட்டும். லீவுக்கு வரும்போது மறக்காமல் புல் விதை வாங்கி வா, விளைகிற விதை.

தண்ணீர்க் குழாயோடு காத்திருக்கும்,
உன் அம்மா