வெள்ளிக்கிழமை வாத்து

அன்பு மகன் தர்ஸ்டனுக்கு, செஸ்டரிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பா உட்பட. லிஸ்பன் காய்ச்சல் உன்னை அண்டாமல் ஆண்டவர் காக்கட்டும். போன வெள்ளிக்கிழமை நம் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள் நான், உன் அப்பா ராண்டில், உன் தங்கை சிசிலி, அவளைப் பெண் கேட்டு வந்த பியர்ஸ், அவன் அப்பா துணி வியாபாரி உரியன், சிசிலியின் ஞானத்தந்தையான ஊர்க்காவலர் ஹாம்னெட், உன் அத்தை இப்பட். அத்தையை யாரும் அழைக்கவில்லை.

வெள்ளிக்கிழமைதான் வருவேன், என்ன பரிமாறுகிறீர்கள் என்று பார்த்துவிட்டுத்தான் சம்பந்தம் பேசுவேன் என்று உரியன் சொல்லி அனுப்பியிருந்தார். நீ கப்பலேறிய பிறகு ராணி ஒரு சட்டம் போட்டிருக்கிறார், கேள். வெள்ளிக்கிழமையோடு இனிப் புதன்கிழமையும் மீன்தான் தின்ன வேண்டும், இறைச்சி தின்றால் அபராதம், சமைத்தவளின் காலைச் சந்தையில் தொழுமரத் துளையில் மாட்டி ஊர் பார்க்க உட்கார வைப்பார்கள். ஆனால் சாமிக்காக மீன் தின்கிறேன் என்று வாய்தவறிச் சொன்னாலும் சிறைதான், படகுகள் ஓடவும் ராணிக்குக் கப்பலோட்டிகள் கிடைக்கவும் தின்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். நம் உப்பு மீன் வியாபாரத்துக்கு நல்லது, நான் குறை சொல்லவில்லை. உரியனோ, வெள்ளிக்கிழமை மீன் தின்பவன் போப்பாண்டவருக்குக் கால் பிடிப்பவன் என்று தெருவெல்லாம் பேசுகிற மனிதர். மீன் வைத்தால் சம்பந்தம் போச்சு, இறைச்சி வைத்தால் என் கால் போச்சு. பியர்ஸைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று சிசிலி மூன்று நாளாகப் பட்டினி.

அப்போதுதான் மரவாத்து நினைவுக்கு வந்தது. கடலில் ஊறிய கப்பல் மரத்தில் காய்த்து விழுகிற பறவை என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள், அதற்கு முட்டை ஏது, அதனால் அது மீன் கணக்கு. ஆனால் பார்க்கவும் தின்னவும் சுத்த வாத்து. அந்த வாரம் புயல், மரவாத்து பிடிக்க எவனும் கரைக்குப் போகவில்லை, எனவே நம் கொல்லையில் இருந்த சாம்பல் வாத்தையே அறுத்து மாவுக்குள் வைத்துச் சுட்டேன். மேசையில் மரவாத்து என்றே சொல்லி வைத்தேன். பேரில் வாத்து இருக்கிறதே என்று உரியன் மகிழ்ந்து தின்றார். மீன் கணக்குதானே என்று ஹாம்னெட் இரண்டு தட்டு தின்றார். அப்போது உன் அத்தை வாயைத் திறந்தாள். "ஏன் அண்ணி, போன வருஷம் முட்டைமேல உக்காந்துக்கிட்டு என் குதிகாலைக் கொத்துச்சே, அந்த வாத்துதானே இது?" என்றாள்.

ஹாம்னெட் கரண்டியைக் கீழே வைத்து, யார் சமைத்தது என்று கேட்டார். உன் அப்பா என்னை ஏதோ வழிப்போக்கரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, அடுப்படி அவ ராஜ்யம்" என்றார். உரியனுக்கோ முகமெல்லாம் வெளிச்சம். "அப்ப நான் தின்னது நிஜ இறைச்சியா? அபராதத்தை என் பேர்ல எழுதுங்க, ஊர் பாக்கட்டும்" என்றார். தானே இரண்டு தட்டு தின்றது ஹாம்னெட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. "ராணி பேரால சொல்றேன், இது மீன்தான்" என்றார். "மீன்னா இந்த வீட்ல பொண்ணு எடுக்க மாட்டேன்" என்று உரியன் தொப்பியை எடுத்தார்.

சிசிலி எழுந்தாள். "மாமா, உங்க தட்டுல இருந்தது வாத்து. ஞானப்பா தட்டுல இருந்தது மீன். ரெண்டும் ஒரே மாவுக்குள்ள வேகக்கூடாதுன்னு ராணியும் சொல்லல, வேதத்துலயும் இல்ல. உக்காருங்க, ஆறிடும்" என்றாள். ஹாம்னெட் மறுபடி கரண்டியை எடுத்தார். உரியன் உட்கார்ந்து இன்னொரு தொடை கேட்டார். ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம்.

நீ அங்கே போப்பாண்டவர் ஆட்களின் சாமி ஊர்வலம் வரும்போது எல்லோரும் முட்டி போட்டால் நீயும் போடு, அதை இங்கே யாருக்கும் எழுதாதே. கல்யாணத்துக்கு நல்ல உப்பாக ஒரு மூட்டை அனுப்பு. உனக்கு என் ஆசி எப்போதும் உண்டு. இப்பட் வாய் அப்படித்தான், அவளைக்கூட மன்னித்துவிட்டேன்.

இப்படிக்கு, உன் அப்பா ராண்டிலை மட்டும் சாகும்வரை மன்னிக்கப்போவதில்லை என்று அவரிடமே சொல்லிவிட்ட,
அம்மா மார்ஜரி.