மெஹருன்னிசாவின் எண்ணில் ஏறிய தட்டுகள்

திகாம் பத்து
18.8.1985

அன்பு மகன் ஜூலியஸுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதினால் பொய்யாகும். நீயும் மருமகளும் பிள்ளையும் சிங்கப்பூரில் நலமாயிருக்க மன்றாடுகிறோம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடியவில்லை.

தங்கச்சி ஜெனவீவைக் கையெழுத்துப் போடச் சொல்லும்படி எழுதியிருக்கிறாய். அம்மா பாதியைத்தான் உனக்குச் சொல்லியிருக்கிறாள், மீதியையும் கேள். அவள் வேலை செய்த சுங்கை பட்டாணி டவுன் எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் போன வருஷம் கம்பியூட்டர் வைத்தார்கள். முடித்த தட்டில் செருகும் எண் அட்டையைப் பார்த்து, யார் கை சுத்தம், யார் வேகம் என்று அது கணக்கெடுக்குமாம், கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பினாங்குக்குப் பயிற்சிக்கு அனுப்பி, சம்பளம் கூட்டி, வேறு பேக்டரிக்கு ஓடாமல் வைத்துக்கொள்வார்களாம். பக்கத்து நாற்காலி மெஹருன்னிசா, உனக்குத் தெரிந்த அலியின் பெண்சாதி, மாசமாக இருந்து வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தாள். ஜெனவீவ், தான் முடித்த தட்டுகளில் பாதியில் அவளுடைய எண் அட்டையைச் செருகி அனுப்பிவிட்டாள். தோட்டத்தில் ஒருத்தி படுத்துவிட்டால் மற்றவர்கள் தங்கள் ரப்பர் பாலை அவள் வாளியில் ஊற்றுவதில்லையா? நீ வயிற்றில் இருந்தபோது உன் அம்மா வாளியை நிரப்பியது மருதம்மாள்தான்.

ஆர்டர் குறைந்து ஆட்குறைப்பு வந்ததும் அந்தக் கம்பியூட்டர் மெஹருன்னிசாவைப் பயிற்சிக்குப் பொறுக்கியது, ஜெனவீவை வீட்டுக்கு அனுப்பியது. நான் நேரே போய் ஆபீசர் மனோகரனைப் பார்த்தேன். "அங்கிள், மெஷினுக்கு மாமன் மச்சான் கிடையாதுலா" என்று சிரித்தான். சிரிக்காதே தம்பி, உன் மெஷின் அட்டையைப் பார்த்தது, கையைப் பார்த்ததா என்று கேட்டேன். பிறகுதான் சொன்னான், மெஹருன்னிசா ஏமாற்றினாள் என்று ஜெனவீவ் எழுதிக் கையெழுத்துப் போட்டால் இவளைத் திரும்ப எடுத்துக்கொண்டு அவளை நிறுத்திவிடுவார்களாம். முடியாது என்று அங்கேயே சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னதும் உன் தங்கச்சி, "என்னைக் கேக்காம எப்படிப்பா சொன்னீங்க, வேலை உங்களுக்கா எனக்கா" என்றாள். அதுதான் என்னிடம் கடைசியாகப் பேசியது. கையெழுத்துக்கு மனோகரன் வைத்த கெடு வியாழக்கிழமையோடு முடிந்தது, அவள் போகவில்லை. என் பேச்சுக்காகவா, தன் மனசுக்காகவா, தெரியாது. இப்போது விடியலில் புக்கிட் செலம்பாவில் யாரோ ஒருவருடைய சின்னத் தோட்டத்துக்கு மரம் சீவப் போகிறாள். மெஹருன்னிசா வந்து வாசலில் நின்று அழுதாள், இவள் உள்ளே வா என்று கூப்பிடவில்லை.

நான் சொன்னது சரிதான், மாற்ற மாட்டேன். உன் ஆபீசிலும் அந்த மெஷின் வந்திருக்கிறது, நல்ல ஆட்களைக் காப்பாற்றத்தான் என்று எழுதினாய். யாரையாவது வெளியே அனுப்புமுன் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேள். ஜெனவீவை மனோகரன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, ஆனால் நான் அப்பன்.

குழந்தைக்கு நெற்றியில் சிலுவை போட்டுப் படுக்க வை. மாதா உங்கள் எல்லாரையும் காக்கட்டும். பதில் எழுதினால் எனக்கு வேண்டாம், தங்கச்சி பேருக்கு எழுது. நான் பிரிக்க மாட்டேன்.

உன் அப்பா,
சூ. ஹெர்பர்ட்