கிணற்றில் மண்ணெண்ணெய் வாடை

மதுரை,
14-3-1937

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, அஜ்மல் பீவி ஸலாம் சொல்லி எழுதுவது. கொழும்பில் நீங்களும் கடையில் மற்றவர்களும் நலமாக இருக்க அல்லாஹ் அருள வேண்டும். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை.

கோரிப்பாளையத்து வீட்டை வருகிற வியாழனன்று உங்கள் பெயருக்குப் பதிவு செய்யப் போவதாக உங்கள் அண்ணன் பெரிய மச்சான் எழுதியிருப்பார். தேக்குக் கதவு, கிணற்றுத் தண்ணீர் கல்கண்டு என்றெல்லாம் எழுதியிருப்பார். கக்கூசைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்க மாட்டார்.

அந்தத் தெருவில் கக்கூஸ் எடுக்கும் ராமக்காள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நாலு வருசமா அந்த வீட்டுல நான் வாளி எடுத்ததே இல்ல தாயி, அம்புட்டும் குழிக்குள்ளதான் போகுது என்றாள். குழி எங்கே என்று கேட்டேன். கிணற்றைக் கையால் காட்டினாள். என் காலால் அளந்தேன், நடுவே ஒன்பதே அடி.

பெரிய மச்சானிடம் அவர் வீட்டு மரியம் அக்கா மூலம் சொல்லி அனுப்பினேன். கக்கூசைப் பாத்தா வீடு வாங்குவாக என்று சிரித்தாராம். அவர் நம்ப வேண்டுமே என்று போன வியாழனன்று அந்த வீட்டுக்குப் போய், வயிறு சரியில்லை என்று சொல்லி, துப்பட்டிக்குள் மறைத்துக் கொண்டுபோன ஒரு புட்டி மண்ணெண்ணெயைக் கக்கூசில் ஊற்றினேன். என்னைத் திட்டாதீர்கள்.

நேற்று நம் மகள் சாதிகாவோடு மறுபடி போனேன். வீட்டுக்கார அம்மா எங்கள் எதிரிலேயே கிணற்றில் இறைத்து எனக்கொரு செம்பும் பிள்ளைக்கொரு தம்ளரும் தந்தார். தான் குடிக்க மட்டும் மூலையிலிருந்த தெருக்குழாய்ப் பானையில் மொண்டுகொண்டார். செம்பை மூக்கருகே கொண்டுபோனேன். மண்ணெண்ணெய் வாடை. பிள்ளையைப் பார்த்தேன். தம்ளர் காலி.

தண்ணீரைச் சோதிக்கப் போன நான் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ள மறந்துவிட்டேன் மச்சான்.

விடிகாலை சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு அவளுக்கு இரண்டு தரம் போய்விட்டது. வாந்தி இல்லை. போன வருஷம் பேதியில் நாம் பறிகொடுத்த மகன் வஹீதுக்கும் முதலில் வாந்தி இல்லை. பெரிய மச்சான் டாக்டரை அழைத்துவரப் போயிருக்கிறார். இப்போது அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் நீங்கள் சொல்லாமல் பத்திரத்தை நிறுத்த மாட்டார். கடிதம் கிடைத்ததும் வீடு வேண்டாம் என்று தந்தி கொடுங்கள். வாடகை வீட்டிலேயே இருந்துகொள்கிறேன், இனி சொந்த வீடு என்று உங்களை நச்சரிக்க மாட்டேன்.

எழுதும்போதே அம்மா என்று கூப்பிடுகிறாள். மூன்றாம் தரம்.

தந்தி கொடுத்த கையோடு நீங்களும் கப்பலேறுங்கள். வஹீதுக்கு நீங்கள் வர முடியாமல் போனதை நான் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. இந்த ஒரு தரம் வந்துவிடுங்கள்.

பிள்ளைக்காக துஆ கேட்கும்,
அஜ்மல் பீவி