பேர் இல்லாத பட்டியல்

என்ர மகளுக்கு,

உன்ர கலியாணத்துக்கு நான் வரேல்லை. நீ அனுப்பின படத்துக்கும் பதில் போடேல்லை.

நான் துப்புரவு வேலை செய்யிற ஃபிளென்ஸ்பூர்க் மியூசியத்துக்கு நேற்று உன்ர மனுசன் தனிய வந்தவர். படத்தில பார்த்த முகம். அவருக்கு என்னைத் தெரியாது.

ஆபிரிக்காவில அக்ராவில இருந்து கரீபியன் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலில ஏத்தின அடிமைகளின்ர பட்டியலுக்கு முன்னால கனநேரம் நிண்டார். அதில வயசு இருக்கு, விலை இருக்கு, பேர் இல்லை. அந்தச் சீனியாலதான் இந்த நகரத்துப் பெரிய வீடுகள் எழும்பினதெண்டு பக்கத்தில எழுதிக்கிடக்கு.

"நான் அக்ராதான். பேர் இல்லாமல் எங்கட ஆக்களை எப்பிடித் தேடுறது?" எண்டு என்னட்டை ஜெர்மனில கேட்டார்.

ஒரு கதிரை கொண்டுவந்து வைச்சு, "இருங்கோ" எண்டு வாய்தவறித் தமிழில சொல்லிப்போட்டன்.

"நன்றி அம்மா" எண்டார். நீ சொல்லிக் குடுத்த தமிழாக்கும்.

நான் ஆரெண்டு சொல்லத் துணிவு வரேல்லை. நீ அவரைக் கட்டப்போறன் எண்டு சொன்ன அண்டைக்கு அவரின்ர நிறத்தைப் பற்றி உன்னட்டைச் சொன்ன சொல்லை நினைச்சு, வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போட்டன்.

ஞாயிறு பூசை முடிய உங்கட வீட்டுக்கு வாறன். கதவை அவரே திறக்கட்டும். நான் முதல் மன்னிப்புக் கேக்கவேண்டியது அவரிட்டைத்தான்.

அம்மா