எவனுக்கு அந்தப் பொட்டு?

12 செப்டம்பர் 1943

குங்குமம் தீர்ந்துவிட்டது. சுங்கை பட்டாணிக் கடைகளில் கேட்டால் சிரிக்கிறார்கள். அரிசிக்கே வழியில்லை, இவளுக்குக் குங்குமமாம்! மஞ்சளில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழைத்துப் பார்த்தேன். செங்கல் நிறத்தில் ஏதோ ஒன்று வந்தது. நெற்றி எரிகிறது. எரியட்டும்.

பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் 2603 என்று ஜப்பான்காரன் வருஷத்தை எழுதுகிறேன். இங்கே எனக்கு 1943தான். இதை எழுதுவதே ஆபத்து. எழுதாவிட்டால் யாரிடமாவது உளறிவிடுவேன், அது இதைவிட ஆபத்து.

அவரைச் சயாம் ரயில் ரோட்டு வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனது சித்திரையில். ஜூலையில் திரும்பி வந்த கங்காணி ஆபீஸ் வாசலில் நின்று செத்தவர்கள் பேரை வாசித்தார். 'தச்சர் பழனியாண்டி' என்றும் வாசித்தார். ஆகஸ்டில், எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டிருந்த ஒரு பெருமழையில், அந்தத் தச்சர் பழனியாண்டி பின்வாசலில் வந்து நின்றார். கழுத்தில் தொங்கிய நம்பர் தகரத்தைச் செத்துப்போன ஒருவன் கழுத்தில் மாட்டிவிட்டுக் காட்டு வழியாக ஜித்ரா வரைக்கும் நடந்து, அங்கிருந்து மரவள்ளிக் கிழங்கு லோரியில் ஒளிந்து வந்திருக்கிறார்.

இப்போது பரண்மேல் இருக்கிறார். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அடித்தே கொன்றுவிடுவார்கள்.

ஊருக்கு நான் விதவை. பேர் வாசித்த நாளிலேயே தாலியைக் கழற்றச் சொன்னார்கள். உடம்பைப் பார்க்காமல் கழற்ற மாட்டேன் என்று அழுதேன். இப்போது உடம்பு பரண்மேல் இருமிக்கொண்டிருக்கிறது. அவரே சொல்கிறார், "கழட்டிடு நவமணி, கயிறுதானே." கை கழுத்துக்குப் போகவே மாட்டேன் என்கிறது. உயிரோடு இருப்பவருக்கு எப்படிக் கழற்றுவது?

19 செப்டம்பர்

இன்று மைதானத்தில் கூட்டம். சங்கத் தலைவர் மாணிக்கவாசகம் பேசினார். டவுனில் துணிக்கடை வைத்திருக்கிறவர். சண்டைக்கு முன்னால் எங்கள் எல்லாருடைய தீபாவளியும் அவர் கடையில்தான். இப்போது கடையில் துணி இல்லை, பேச்சு மட்டும் இருக்கிறது. பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு ஜப்பான் சார்ஜன்.

சயாமுக்கு இன்னும் ஆள் வேண்டும் என்று பேச வந்தவர், ஆவேசத்தில் எங்கேயோ போய்விட்டார்.

"நம்ம ஆளுங்க அங்க உயிரைக் குடுக்கிறாங்க. இங்க என்னடான்னா, புருஷன் செத்த சேதி வந்தும் சிலதுங்க பூவும் பொட்டுமா மினுக்கிக்கிட்டுத் திரியுதுங்க. நான் கேக்கறேன், எவனுக்கு அந்தப் பொட்டு?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. சிரித்தார்கள். சிரிப்பு எதற்கு என்று சார்ஜன் மலாயில் கேட்டான். தலைவர் சொன்னார். அவன் என் நெற்றியைப் பார்த்தான்.

20 செப்டம்பர்

எவனுக்கு.

அவமானத்தில் சாக வேண்டும்போல் இருந்திருக்க வேண்டும். எனக்குப் பயம்தான் வருகிறது. அவர் கேட்டது சரியான கேள்வி. ஜப்பான் ராணுவப் போலீஸ், அந்தக் கெம்பித்தாய்காரன் கேட்க வேண்டிய கேள்வியை மேடை போட்டுக் கேட்டுவிட்டார்.

21 செப்டம்பர்

நாய் குரைத்தது. யாருமில்லை.

24 செப்டம்பர்

செல்லாயி அக்கா பக்கத்து வீடு. அவர் புருஷன் பேரும் அதே நாளில் வாசிக்கப்பட்டது. அவர் மறுநாளே கழற்றிவிட்டார். அன்றிலிருந்து என் நெற்றியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இன்று குழாயடியில் பிடித்துக்கொண்டார். "தலைவர் கேட்டதுல என்னா தப்புலா? நானும் பார்க்கிறேன், ஒத்தை ஆளு நீ, தெனம் ரெண்டு மங்கு கழுவுறியே டீச்சரு?"

கையிலிருந்த சோற்று மங்கு நழுவிவிட்டது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "ஒண்ணு அவருக்கு வைக்கிறேன்க்கா."

உண்மையைத்தான் சொன்னேன்! படையல் வைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் அழ ஆரம்பித்துவிட்டார். "நான் ஒரு நாளும் வைக்கலையே டீச்சரு, எனக்குத் தோணலையே." சாயங்காலம் ஒரு துண்டுக் கருவாட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கே பிடித்தாரோ! "அண்ணனுக்குப் பிடிக்குமே. இதையும் வை."

வைத்தேன். அவர் முள்ளைக்கூட விடவில்லை.

3 அக்டோபர்

தலைவர் மன்னிப்புக் கேட்கப் போகிறாராம். அடுத்த ஞாயிறு, எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில், எல்லார் முன்னாலும். அவர் மகள் புஷ்பவள்ளி பண்டார் பாருவில் இருக்கிறாள். அவள் புருஷனும் சயாமுக்குப் போய்ச் சேதி இல்லை. அப்பா பேசியது காதில் விழுந்ததும், இனி வீட்டுப் படியேறாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம்.

வெறுங்கையோடு கேட்கவில்லை. ஒளித்து வைத்திருந்த துணியை வெளியே எடுக்கிறார். சயாமில் புருஷனைப் பறிகொடுத்த ஒவ்வொருத்திக்கும் கூடப் பிறந்தவனாக நின்று கோடி போடுகிறாராம்.

லயத்து வீடெல்லாம் ஆனந்தத்தில் இருக்கிறது. சாக்கைக் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்குப் புதுச் சேலை! எனக்கு அந்த ஆனந்தம் இல்லை. தாலியைக் கழற்றும்போது பிறந்த வீடு போடுவதல்லவா கோடி? அதை வாங்கினால் அங்கேயே, அம்மன் முன்னாலேயே கழற்ற வேண்டும். நல்ல மனசோடுதான் செய்கிறார் பாவி. நல்ல மனசோடு கழுத்துக்கு வருகிறார்.

5 அக்டோபர்

அவருக்குக் குளிர் ஜுரம். சாக்கைப் போர்த்தியும் பரண் ஆடுகிறது. "வாங்கிக்க நவமணி. எனக்குப் போத்திக்கத் துணியாச்சு."

"உங்களுக்கு நான் கோடி வாங்கணுமா?" என்று கத்திவிட்டேன். உடனே வாயைப் பொத்திக்கொண்டேன். சுவர் பலகைதான். செல்லாயி அக்காவுக்குக் கேட்டிருக்குமோ?

வாங்காவிட்டால் ஏன் வாங்கவில்லை என்பார்கள். வாங்கினால்... மாரியாத்தா, நான் என்ன செய்ய?

9 அக்டோபர்

நாளைக்கு.

10 அக்டோபர்

எழுத்து கோணுகிறது.

தலைவர் மாலை இல்லாமல் வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அதே சார்ஜன் அதே மாதிரி நாற்காலியில்.

"நான் கேட்டது கேள்வி இல்லீங்க, அசிங்கம். என் மக கேட்டா, 'எனக்கும் அதே கேள்விதானாப்பா'ன்னு. எந்த வாயால சொன்னேனோ அதே வாயால மன்னிப்புக் கேக்குறேன்." பெண்கள் நின்ற பக்கம் திரும்பி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அறுபது வயசு ஆள். எழும்போது நெற்றியெல்லாம் மண்.

நான் அந்த நிமிஷமே மன்னித்துவிட்டேன். எழுதி வைக்கிறேன், ஏனென்றால் வேறு எங்கும் சொல்ல முடியாது. மேடையில் விழுந்த சொல்லை ஊரே அள்ளிக்கொண்டு போயிற்று. அவர் ஒருவர் திருப்பி எடுத்தால் எல்லார் வாயிலிருந்தும் திரும்பாது. ஆனாலும் அந்த மண் ஒட்டிய நெற்றியைப் பார்த்ததும் என் மனசு இளகிவிட்டது.

ஒவ்வொருத்தியாகப் போனார்கள். செல்லாயி அக்கா வெள்ளைச் சேலையை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினார். பிறகு என் பேர். தலைவர் இரண்டு கையாலும் சேலையை நீட்டிக்கொண்டு நின்றார். கிழவிகள் இரண்டு பேர் என் கழுத்துக்காகக் காத்திருந்தார்கள்.

"மன்னிக்க மாட்டேன்" என்றேன்.

என் குரலா அது? "நீங்க ஊரு கூட்டி என்னைய அந்தச் சொல்லு சொல்லுவீங்க. அப்புறம் ஒரு துணியைப் போட்டா சரியாயிடுமா? உங்க கோடி எனக்கு வேணாம். நான் மன்னிக்கவே மாட்டேன்!"

என்ன திமிர் என்று யாரோ சொன்னார்கள். சொல்லட்டும். திமிர் என்றே நினைக்கட்டும், வேறு எதையும் நினைக்காமல் இருந்தால் போதும்.

சார்ஜன் எழுந்துவிட்டான். என்ன சொல்கிறாள் என்று மலாயில் கேட்டான். தலைவர் என்னைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். தாலிமேல் இறுக்கி வைத்திருந்த என் கையைப் பார்த்தார். கை ஆடிக்கொண்டிருந்தது. கோபக்காரி கை அப்படி ஆடாது. அவருக்குப் புரிந்துவிட்டது, சத்தியமாகப் புரிந்துவிட்டது.

அவர் சார்ஜனிடம் திரும்பினார். "மாரா, துவான். மாரா சாஜா." கோபம் ஐயா, வெறும் கோபம்தான். அவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான்.

பிறகு என்னிடம், எல்லாரும் கேட்கும்படி, "சரிம்மா. மன்னிக்க வேணாம். கோபமாவே இரு" என்றார்.

11 அக்டோபர்

தலைவருக்குத் தெரியும். சொல்லிவிடுவாரா? ஆள் சேர்த்துக் கொடுக்கிறவர். சொன்னால் நல்ல பேர் கிடைக்கும்.

மன்னித்த ஆளைப் பார்த்தே இப்படிப் பயப்படுகிறேன்.

14 அக்டோபர்

பள்ளிக்கூட வாசலில் லோரி நின்றது. பிள்ளைகளுக்கு முன்னால், பாடத்தின் பாதியில் வாந்தி எடுத்தேன். வந்தது வெறும் உப்பு லோரி.

19 அக்டோபர்

எங்கள் கெடா மாநிலத்தைச் சயாம்காரனுக்குக் கொடுத்துவிட்டார்களாம். பரணிலிருந்து அவர், "சயாம்லேருந்து ஓடி வந்தா சயாம் பின்னாலேயே வந்துருச்சே" என்றார். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தோம், வாயைப் பொத்திக்கொண்டு.

26 அக்டோபர்

கிழங்கு ஏற்ற வரும் மாட்டு வண்டிக்காரர் பரஞ்சோதி ஒரு பொட்டலம் கொடுத்தார். "தலைவர் குடுக்கச் சொன்னாரு. கோபம் தீர்ற வரைக்கும் வெளிய எடுக்க வேணாம்னாரு."

கதவைச் சாத்திவிட்டுப் பிரித்தேன். கைலி. ஆம்பளை கட்டுகிற பச்சைக் கட்டம் போட்ட கைலி. உள்ளே மடிப்பில் ஒரு பொட்டலம் குங்குமம்.

உட்கார்ந்துவிட்டேன்.

கைலியை மேலே கொடுத்தேன், போர்த்திக்கொண்டார். துவைத்தால் வெளியே காயப்போட முடியாது. குங்குமத்தையும் வைக்க முடியாது, நல்ல சிவப்பு ஏது என்பார்கள். சுண்ணாம்புப் பொட்டுதான். எரிகிறது.

16 செப்டம்பர் 1945

இரண்டு வருஷமாக எழுதவில்லை. அந்தக் கைலி வந்த நாளுக்குப் பிறகு எழுதக்கூடத் துணிவு வரவில்லை.

ஜப்பான்காரன் போய்விட்டான். இன்று தலைவரை டவுனிலிருந்து இழுத்து வந்தார்கள். அதே கோயில் வாசல். ஆள் பிடித்துக் கொடுத்தவர் என்று செருப்பும் கட்டையுமாக நின்றார்கள். "மொத அடி டீச்சரம்மாதான். மன்னிக்க மாட்டேன்னு நெஞ்சை நிமித்திச் சொன்ன பொம்பளை!" வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள்.

பரண்மேல் இருந்தவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வெயிலுக்குக் கண் கூசி என் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பச்சைக் கைலியில் நடந்து வந்தார். பேய் வருகிறது என்று இரண்டு பேர் ஓடினார்கள். என் நெற்றியில் நல்ல குங்குமம்.

"இவர் சொன்ன சொல்லை நான் அன்னிக்கே மன்னிச்சிட்டேன். இவருக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லிக் குடுக்கல" என்றேன்.

செல்லாயி அக்கா முன்னால் வந்தார், அந்த வெள்ளைச் சேலையில். என்னைப் பார்த்தார், என் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார்.

"நீ மன்னிப்பே டீச்சரு. உனக்கு ஆளு இருக்கு." தலைவரிடம் திரும்பி, "பேசினதுக்கு விழுந்து கும்பிட்டீங்க. அனுப்பி வெச்சதுக்கு?" என்றார்.

தலைவர் தலையைத் தூக்கவில்லை. விழவும் இல்லை. அதற்கு விழுவதில் அர்த்தம் இல்லை என்று அவருக்கே தெரிந்திருக்கும். யாரும் அடிக்கவில்லை. மகளிடம் போய்விடு, இந்தப் பக்கம் வராதே என்றார்கள். போகும்போது, "மாப்பிள்ளை வந்துட்டாரா?" என்று கேட்டேன். இல்லை என்று கையை அசைத்தார்.

19 செப்டம்பர்

மூன்று நாளாகச் செல்லாயி அக்கா என்னோடு பேசவில்லை. இரண்டு வருஷம் என் வீட்டுப் படையலுக்குத் தன் கிழங்கில் பாதியைக் கொடுத்தவர். கெம்பித்தாய்காரனுக்குப் பயந்ததைவிட அவர் முகத்துக்குப் பயந்து குழாயடிக்கு நேரம் பார்த்துப் போனேன்.

இன்று எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். என் குடம் நிறைந்து வழிந்தது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

"அன்னிக்கு ஒரு கருவாடு குடுத்தேனே."

"ஆமாக்கா."

"அண்ணனா தின்னாரு?"

"ஆமாக்கா."

குழாயை மூடினார்.

"நல்லாருந்துச்சாமா?" என்று கேட்டார்.