ஒரே மாதிரி இரண்டு மண்டை ஓடுகள்

செவ்வாய், இரவு. பெர்மாஸ் ஜெயா.

நாளை வகுப்பில் காட்டுவதற்காக ஓநாய், டாஸ்மேனியப் புலி இரண்டின் மண்டை ஓட்டு மாதிரிகளையும் மேசைமேல் வைத்திருந்தேன். மகள் கவிதா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே ஃபேமிலியாப்பா?"

"இல்லலா. இந்தப் புலி கங்காருவுக்குத்தான் சொந்தம். பையில குட்டி வளர்க்கறது. ஆனா குட்டியா இருக்கறப்பவே மண்டை ஓநாய் மாதிரியே வளரும்."

அவள் சிரித்தாள். "எனக்கும் உங்க தாடைதான்னு அத்தை சொல்வாங்களே. நாம மட்டும் நெஜமாவே சொந்தம், இல்லப்பா?"

கோத்தா திங்கியிலிருந்து கைக்குழந்தையாக அவளைத் தத்தெடுத்து வந்ததை இன்னும் சொல்லவில்லை. இன்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சாப்பிட வாம்மா" என்றுதான் வந்தது.

பாடம் நடத்தத்தான் நான் லாயக்கு. நாளை வகுப்பில் எவனாவது இந்த மண்டை ஓடுகள் இரண்டும் சொந்தமா என்று கேட்டால் தயங்காமல் பதில் சொல்லிவிடுவேன்.